கைக்கணினிக்கு இணையம் எவ்வழி? ஜவ்வாது மலைப் பள்ளி மேலாண்மைக் குழுவினர்க்கு ஒரு திறந்த மடல்



ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த ஊராட்சிகளிலும், மலையின் மேற்குப் புறத்தே புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என வழிவழியாக வழங்கிவரும் பகுதிகளிலும் உள்ள பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் அமர்ந்திருப்பவர்கள், பெரும்பாலும் சாமைக் கொல்லையில் செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்கு வந்து சேர்பவர்கள் என்பதை நான் அறிவேன். அப்படி வருகிறவர்களுடைய நேரத்தை ஒரு கருவியின் விவகாரத்துக்காக இத்தனை பக்கம் எழுதி எடுத்துக்கொள்வது நியாயமா என்று யோசித்துப் பார்த்த பிறகே இம்மடலை எழுதத் துணிந்தேன். விஷயம் சிறிதாகத் தோன்றினாலும், அதை அவசரத்தில் தீர்மானித்துவிட்டால், நல்ல மனத்துடன் ஒருவர் கொடுத்த கைக்கணினிகள் அத்தனையும் பள்ளிப் பீரோவுக்குள் பூட்டுண்டு கிடக்க நேருமே என்ற கவலைதான் என்னை எழுத வைத்தது.

கேள்வி இதுதான். 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு, தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேருக்குக் கைக்கணினி வழங்க முற்பட்டது. அது ஆசிரியர்க்கு உரியது. அதற்கும் அப்பால், நன்கொடையாளர் ஒருவரோ, படித்து வெளியூர் சென்ற பழைய மாணவர் சிலரோ, குழந்தைகளின் கைக்கென்று பத்து இருபது கைக்கணினிகள் வாங்கித் தர முன்வரும்போது, கடைக்காரர் முதலில் கேட்பது, "சிம் போடுகிற மாடலா, வைஃபை மட்டும் உள்ள மாடலா?" என்பது. வைஃபை மாடல் என்றால் இணையத்துக்கு, சிம் போட்டு வைஃபை பரப்பும் ஒரு ஹாட்ஸ்பாட் கருவி தனியே வேண்டும். சிம் மாடல் என்றால் கைக்கணினி ஒவ்வொன்றும் தானே டவரைத் தேடிக்கொள்ளும். கேள்வி உங்கள் குழுவின் முன் வைக்கப்படுகிறது. உங்களில் ஒருவர், "சிம் உள்ளதே உசத்தி, அதையே வாங்கச் சொல்லுங்கள்" என்கிறார். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து ஆகிவிடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களுமாக இக்குழு அமைய வேண்டும் என்று விதித்து, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பையும் பணம் எவ்வாறு செலவாகிறது என்று கண்காணிக்கும் பொறுப்பையும் அதன் கையில் ஒப்படைத்தது, இத்தகைய கேள்விகளை ஊரறிந்தவர்கள் தீர்மானிக்கட்டும் என்பதற்காகவே அன்றோ? ஆதலின், கடைக்காரரைவிட உங்களுக்கே நன்கு தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அது உங்கள் மலை.

சமவெளியில் ஒரு டவர் நின்றால் அதைச் சுற்றிப் பல கல் தூரம் சிக்னல் ஒரே சீராகப் பரவும். மலையிலோ ஒரு மேட்டின் மேல் டவர் நின்றால், அந்த மேட்டைக் கண்ணால் காண முடிந்த கொல்லைக்குச் சிக்னல் கிடைக்கும். இடையே ஒரு சிறு குன்று குறுக்கிட்டாலும் மறுபுறத்துச் சிற்றூர் இருளில் ஆழ்ந்துவிடும். அலைகளிலும் வகையுண்டு. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைதூரம் செல்லும். மேட்டின் விளிம்பில் சிறிது வளைந்து இறங்கவும், சுவரைக் கடந்து உட்புகவும் வல்லவை. 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த வரிசைகள் மிகுந்த டேட்டாவைச் சுமக்குமாயினும், மரத்துக்கும் சுவருக்கும் விரைவில் தளர்ந்துவிடும். டவர் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்து, அப்பணியை பி.எஸ்.என்.எல். நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்நிறுவனம் தன் 4ஜி சேவைக்குப் பயன்படுத்தும் வரிசைகளுள் 700 மெகாஹெர்ட்ஸ் ஒன்று. கருவிகளின் விவரச் சீட்டில் இதனை "பேண்ட் 28" என்று குறித்திருப்பார்கள். அவ்வகை டவர் உங்கள் மேட்டில் நின்றாலும், வாங்கிய கருவிக்கு அந்தப் பேண்ட் தெரியாதாயின், அதன் பயன் உங்களை வந்து சேராது. விலை மலிந்த பழைய ஹாட்ஸ்பாட் கருவிகள் பலவற்றில் இது இல்லை. மலிவான கைக்கணினிகள் சிலவற்றிலும் இல்லை.

இம்மலையின் மடிப்புகளால் உலகம் அடைந்த நன்மை ஒன்றை இங்கே நினைவுகூராமல் இருக்க என்னால் இயலவில்லை. நகர வெளிச்சம் அண்டாத இருளை நாடித்தான் விஞ்ஞானி வைணு பாப்பு காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் அங்கே நட்சத்திர ஆராய்ச்சி தொடங்கியது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பதற்கு 1977-இல் சான்று கிடைத்த இடங்களுள் அதுவும் ஒன்று. 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே நிறுவப்பெற்றது. வானத்தின் கடைக்கோடியிலிருந்து வரும் ஒளியை வாங்கிக்கொள்ளும் மலையில், அடுத்த மேட்டிலிருந்து வரும் பாடத்தை வாங்கிக்கொள்ளக் குழந்தைகள் தவிக்கிறார்கள். ஊர் விளக்குகளின் ஒளியை மறைத்துக் கொடுத்த அதே தனிமை, டவரையும் தொலைவில் நிறுத்திவிட்டது. இது யாருடைய குற்றமும் அன்று. ஆனால் கருவி வாங்குகிறவர்கள் மறக்கக்கூடாத ஸ்திதி.

மலைப்பள்ளி ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். தாழ்வான இடத்தில் கட்டிய கான்கிரீட் கட்டடம். நடு வகுப்பறையில் பிள்ளைகள் பாய் விரித்து அமர்ந்திருந்தார்கள். ஆசிரியை கையிலிருந்த சிம் கைக்கணினியின் மேல் மூலையில் சிக்னல் கோடு ஒன்று தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. வருகைப் பதிவை அனுப்ப அவர் அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து, தண்ணீர்த் தொட்டிக்கு அப்பாலுள்ள பாறை வரை போய்த் திரும்பினார். போய் வந்த நேரமெல்லாம் பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தனர். அதே பள்ளியில் பழைய ஹாட்ஸ்பாட் கருவி ஒன்றும் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி. தலைமையாசிரியை அதை ஒரு மஞ்சள் பையில் இட்டு, கிழக்கு ஜன்னலின் மேற்கம்பியில், வெளிப்புறமாகத் தொங்கும்படி கட்டிவைத்தார். அந்தக் கம்பியிலிருந்து ஒரு முழம் இப்பால் நகர்த்தினாலும் சிக்னல் விளக்கு நிறம் மாறிவிடும் என்பதை அவர் அனுபவத்தால் கண்டிருந்தார். பெட்டி ஜன்னலில் தொங்க, நடு அறையில் அமர்ந்திருந்த பிள்ளைகளின் கைக்கணினிகளில் பாடம் ஓடியது.

என்னுடைய அபிப்பிராயம் முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்று, குழந்தை உட்கார்ந்து படிக்கும் இடம் வேறொன்று என்று மலை பிரித்து வைத்திருக்கும்போது, சிம் கைக்கணினி குழந்தையைச் சிக்னல் இருக்கும் இடத்துக்கு இழுத்துச் செல்கிறது. ஹாட்ஸ்பாட் கருவியோ சிக்னல் கிடைக்கும் இடத்தில் தான் நின்றுகொண்டு, கிடைத்ததைக் குழந்தை இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறது. ஒரே அறையில் பலர் கூடிப் படிக்கும் பள்ளிக்கு, வைஃபை கைக்கணினிகளும் ஒன்றோ இரண்டோ நல்ல ஹாட்ஸ்பாட் கருவிகளுமே தக்கவை என்று நான் துணிந்து கூறுவது இக்காரணத்தாலேயே.

இது மலைக்கு மட்டும் உரிய கஷ்டம் என்று எண்ணிவிட வேண்டாம். 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடுண்டபோது, அமெரிக்காவின் நியூயார்க் நகரக் கல்வித்துறை, சிம் வசதி உள்ளேயே அமைந்த ஐபேடுகள் சுமார் 3 லட்சம் வாங்கி மாணவர்களுக்கு அளித்தது. குழந்தை எங்கிருந்தாலும் இணையம் கூடவே செல்லும், வீட்டில் வைஃபை இல்லையே என்ற குறை இராது என்பது நல்ல எண்ணந்தான். ஆயினும் வீடற்ற குடும்பங்கள் தங்கியிருந்த காப்பகங்கள் பலவற்றில், அந்த ஐபேடுகளுக்குச் சேவை வழங்கிய நிறுவனத்தின் சிக்னல் சுவர்களுக்குள் புகவில்லை. கையில் விலையுயர்ந்த கருவி இருந்தும் வகுப்பில் சேர முடியாத பிள்ளைகளின் பெற்றோர் அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம் ஏறினார்கள். பிறகு வேறு நிறுவனத்தின் சிம் கார்டுகளை மாற்றிக் கொடுக்கவும், காப்பகங்களுக்கு வைஃபை அமைத்துத் தரவும் நகர நிர்வாகம் முற்பட வேண்டியதாயிற்று. வானளாவிய டவர்கள் நிறைந்த நகரத்திலேயே ஒரு சுவர் இத்தனை தொல்லை செய்யுமானால், தகரக் கூரையும் பாறைச் சரிவும் சூழ்ந்த உங்கள் பள்ளியில், ஒரே நிறுவனத்தை நம்பி இருபது கருவிகளையும் அதனிடம் ஒப்படைப்பது விவேகமாகாது.

இனி, பணம். 2025-இல் வெளிவந்த சாதாரண ஐபேடின் விலையை நோக்கினால், வைஃபை மட்டும் உள்ளது 34,900 ரூபாய். சிம் வசதியும் உள்ளது 49,900 ரூபாய். ஒன்றுக்கு 15 ஆயிரம் வேறுபாடு என்றால், இருபதுக்கு 3 லட்சம். மலைப்பள்ளிகள் ஐபேடு வாங்கப்போவதில்லை. ஆண்ட்ராய்டு வகைகளில் இவ்வேறுபாடு வெகுவாகக் குறையும். ஆனால் வாங்கும் விலையைவிட எனக்கு அச்சம் தருவது மாதந்தோறும் வரும் ரீசார்ஜ். ஒரு சிம் கார்டுக்கு மாதம் 200 ரூபாய் என்றே கணக்கிட்டாலும், இருபது கைக்கணினிக்கு மாதம் 4,000 ரூபாய். பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்கு 40,000 ரூபாய். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய். சுண்ணாம்பு அடிப்பதும், கழிப்பறையைச் சுத்தமாக வைப்பதும், உடைந்த ஜன்னலை மாற்றுவதும் எல்லாம் அதற்குள் நடக்க வேண்டும். நன்கொடையாளர் கருவியைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு விடைபெற்ற பிறகு, ரீசார்ஜ் செலவு உங்கள் தலையில்தான் வந்து விழும். 2021 ஜனவரியில் தமிழக அரசு, கல்லூரி மாணவர் 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு நாள்தோறும் 2 ஜிபி வீதம் இலவச டேட்டா அட்டை அறிவித்ததே, அது பேருபகாரம். ஆயினும் அதன் ஆயுள் ஏப்ரல் வரை நான்கு மாதந்தான். ஆதலால் கருவி தருவோரிடம், "எத்தனை ஆண்டு ரீசார்ஜையும் சேர்த்துத் தருகிறீர்கள்?" என்று கேட்பதில் உங்களுக்குத் தயக்கம் வேண்டாம். கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

சட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். தனி ஒருவர் பெயரில் 9 சிம் கார்டுகளுக்கு மேல் இருத்தலாகாது என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், இவ்வரம்பை மீறுவோர்க்கு முதல் முறை 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. தலைமையாசிரியை தம் குடும்பத்துக்கென்று வைத்திருக்கும் இணைப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். இருபது சிம் கார்டுகளை அவர் ஆதாரில் வாங்கவே இயலாது. மீதியை இன்ன ஆசிரியர் பெயரில், இன்ன பெற்றோர் பெயரில் என்று பிரித்து வாங்கினால், அவ்வாசிரியர் மாறுதலில் போளூருக்கோ செங்கத்துக்கோ போய்விட்ட பிறகு, அவர் பெயரிலுள்ள சிம் இங்கே யார் கையில் இருக்கிறது, அதிலிருந்து யார் என்ன அனுப்பினார்கள் என்பதற்கெல்லாம் அவரே பொறுப்பாளியாக நிற்பார். நிறுவனப் பெயரில் வாங்குவதானாலும், பயன்படுத்துவோர் ஒவ்வொருவரையும் சரிபார்க்க வேண்டும் என்று 2023-இல் விதி இறுகிவிட்டது. ஒன்றிரண்டு ஹாட்ஸ்பாட் கருவிகளுக்கு ஒன்றிரண்டு சிம் கார்டுகள் போதும். அவற்றைப் பள்ளியின் பெயரில் முறைப்படி பெற்று, எண்ணையும் பொறுப்பாளர் பெயரையும் இருப்புப் பதிவேட்டில் எழுதி வைத்தால், யாருக்கும் விசாரம் இராது.

நிற்க. ஹாட்ஸ்பாட் கருவியில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதன் குறைகளை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம். முதலாவது, அது ஒன்று பழுதானால் இருபதும் ஊமையாகிவிடும். ஆகையால் பண வசதி இருப்பின் இரண்டாக வாங்கி, இரண்டிலும் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். சிறு பெட்டிகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பத்துக் கருவிகளுக்கே இடங்கொடுக்கும். அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணிக்கையைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். பேட்டரி ஐந்தாறு மணி நேரந்தான் தாங்கும். அதனால் சிலர் அதை இரவும் பகலும் சார்ஜரிலேயே மாட்டி வைத்துவிடுகிறார்கள். அப்படி விட்ட கருவியின் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்பது அடிக்கடி காணக்கூடிய ஒன்று. உப்பிய பேட்டரியைக் குழந்தைகள் நடமாடும் அறையில் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. பேட்டரியைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய வகையாக வாங்குவது உத்தமம். மற்றும் ஒன்று: சில நிறுவனங்கள் தம் பெயரில் விற்கும் கருவிகள் தம் சிம் கார்டை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கும். விலை மலிவாயிருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டு, மறு ஆண்டு அடுத்த மேட்டில் வேறு நிறுவனத்தின் டவர் எழும்பும்போது வருந்திப் பயனில்லை. எல்லாச் சிம்மும் ஏற்கும் கருவியாகக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரியே இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் சிம் ரவுட்டர் என்ற ஒன்றும் சந்தையில் உண்டு. நிலையாக ஓரிடத்தில் இயங்கும் பள்ளிக்கு, வெளி ஆண்டெனா பொருத்தும் துளையுடைய ரவுட்டரே கையடக்கப் பெட்டியினும் மேலானது என்பது என் எண்ணம். மாடியில் ஒரு குழாயில் ஆண்டெனாவைக் கட்டி, டவர் நிற்கும் மேட்டை நோக்கித் திருப்பி வைத்தால், பாறைமேல் ஏறினால் மட்டும் கிடைத்த சிக்னல் வகுப்பறைக்குள் இறங்கி வரும். ஆனால் ஐப்பசி இடி எப்படிப்பட்டது என்பதை மலையில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேகம் கறுத்ததும் ரவுட்டரின் மின்செருகியையும் ஆண்டெனாக் கம்பியையும் கழற்றிவிடும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊரில், ரவுட்டருக்கென்று விற்கும் சிறு யு.பி.எஸ். பெட்டி ஒன்றும் கூடவே தேவைப்படும்.

இவ்வளவும் சொன்னதனால், சிம் கைக்கணினி எவருக்கும் பிரயோஜனம் இல்லை என்று கொள்ள வேண்டாம். நடந்துகொண்டே பணிபுரிகிறவர்களுக்கு அதுவே ஏற்றது. பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளையைத் தேடிக் கொல்லைமேட்டுக் குடிசைக்குச் செல்லும் ஆசிரியர், நடக்கவியலாத குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சி தரச் செல்லும் சிறப்பாசிரியர், சிற்றூர் சிற்றூராகச் சென்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர் ஆகிய இவர்களுக்கு ஒரு கையில் பை, மறு கையில் குடை. இவற்றோடு சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே தூக்கித் திரிய இன்னொரு பெட்டியும் வேண்டுமா? பாதையின் ஒரு வளைவில் கணநேரம் சிக்னல் கிடைத்தாலும், அந்தக் கணத்தில் சிம் கைக்கணினி தானாகவே தகவலை அனுப்பிவிடும். இருப்பிடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். வசதியும் இங்கே முக்கியம். ஐபேடுகளில் வைஃபை மட்டும் உள்ள வகைக்கு ஜி.பி.எஸ். கிடையாது, சிம் வகைக்கு மட்டுமே உண்டு. ஆண்ட்ராய்டு வகைகளில் இது மாடலுக்கு மாடல் வேறுபடும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபை தன் காட்டெல்லையைக் குறிக்க முற்படும்போது, நிலத்தில் நின்று எல்லைப் புள்ளிகளைப் பதிவு செய்ய இவ்வசதி பெரிதும் கைகொடுக்கும். ஆகவே, இருபதில் இரண்டு சிம் வகையாகவும் பதினெட்டு வைஃபை வகையாகவும் வாங்குங்கள் என்று நன்கொடையாளரிடம் எழுதிக் கேட்பதில் தவறொன்றும் இல்லை. எல்லாம் ஒரே வகையாக இருந்தால்தான் அழகு என்பது கடையின் வசதி. பள்ளியின் வசதி அன்று.

"இதெல்லாம் எதற்கு? டீச்சர் தம் போனில் ஹாட்ஸ்பாட்டைத் தட்டினால் போதாதா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். இன்று பல பள்ளிகளில் நடப்பது அதுதான். ஆனால் அது நீடித்து நடப்பது எனக்குச் சம்மதமில்லை. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கியது முதல், மதிப்பீடும் பதிவும் வருகையும் கருவி வழியாகவே செல்கின்றன. அதற்கெல்லாம் ஆசிரியர் தம் சம்பளத்தில் வாங்கிய டேட்டாவைச் செலவிடுகிறார். தற்காலிக ஆசிரியர் ஒருவர் மாதக் கடைசியில் ரீசார்ஜுக்குப் பணமின்றி, பாடத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கும்போது, அந்த இழப்பு உங்கள் பிள்ளைக்கு. அவர் பயிற்சிக்கென்று திருவண்ணாமலைக்குப் போன நாளில் அவரோடு பள்ளியின் இணையமும் மலையிறங்கிப் போய்விடுகிறது. பொதுக் காரியத்துக்கான செலவு தனிமனிதர் பையிலிருந்து போவதை இயல்பென்று ஏற்றுக்கொள்ளும் வழக்கத்தை, குறைந்தபட்சம் உங்கள் பள்ளியிலாவது நீங்கள் நிறுத்த வேண்டும். ஹாட்ஸ்பாட் கருவியின் ரீசார்ஜ் தொகைக்குத் தீர்மானம் எழுதி, மானியத்திலிருந்தோ நன்கொடையிலிருந்தோ ஒதுக்குங்கள் என்று உங்களை வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன்.

டேட்டாவைப் பயன்படுத்தும் முறையிலும் ஒரு கட்டுப்பாடு தேவை. சாதாரணத் தெளிவுள்ள காணொளி ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ அரை ஜிபி செலவாகும். இருபது பிள்ளைகள் தனித்தனியே அதே பாடத்தைத் திறந்தால் பத்து ஜிபி. நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் சிம் முதல் பாடவேளையிலேயே தீர்ந்துபோகும். எனவே ஹாட்ஸ்பாட் வழியே பாடத்தை ஒரு முறை இறக்கி, மெமரி கார்டில் சேமித்து, கைக்கணினிகளுக்குப் படியெடுத்துக் கொடுப்பதே சிக்கனமான வழி. திக்ஷா செயலியில் பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு இணையமின்றிப் பார்க்கலாம். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி, தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, டவரே இல்லாத இடத்திலும் தேடிப் படிக்க உதவுகிறது. விடுமுறையில் ஜமுனாமரத்தூருக்கோ போளூருக்கோ இறங்கும் ஆசிரியர் நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்தில் இவற்றையெல்லாம் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டால், பள்ளியின் மெலிந்த சிக்னலை வருகைப் பதிவுக்கும் மதிப்பீட்டுக்கும், வெளியூர் ஆசிரியர் ஒருவரோடு பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசுவதற்கும் மீத்து வைக்கலாம். கைக்கணினியைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்கும் பள்ளிகளுக்கு இது இன்னும் அவசியம். டவர் எட்டாத சிற்றூரில் சிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே. உள்ளே நிரப்பியிருக்கும் பாடந்தான் அந்த இரவில் உதவும்.

கடைசியாக, வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு பரீட்சை. அதற்குக் காசு தேவையில்லை. உங்கள் குழுவில் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருக்கும் மூவரோ நால்வரோ தம் போன்களுடன் ஒரு நாள் பள்ளிக்கு வாருங்கள். வகுப்பறையின் நடுவில், நான்கு ஜன்னல்களிலும், மாடியில், தண்ணீர்த் தொட்டியருகில், சமையல் கூடத்தின் பின்னால் என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று, சிக்னல் எத்தனை கோடு என்பதோடு மட்டும் அமையாமல், ஒரு பாடக் காணொளி தடையின்றி ஓடுகிறதா என்றும் பாருங்கள். கோடு நிறைந்திருந்தும் காணொளி சுற்றிக்கொண்டே நிற்பது உண்டு. காலை ஒரு முறை, பிற்பகல் ஒரு முறை, மழை பெய்யும் நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். இதை ஆசிரியர்கள் மட்டும் செய்யாமல் தாய்மார்களும் உடன் நடந்து பார்ப்பது நல்லது. விறகுக்கும் தண்ணீருக்கும் போய்வரும் வழியில் எந்தப் பாறையருகில் போன் அடிக்கும் என்பது அவர்களுக்கே தெரியும்.

கண்டதை ஒரு தாளில் பள்ளியின் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் சிக்னல் எந்த ஜன்னலில் நன்றாயிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், ஹாட்ஸ்பாட்டா, ரவுட்டரா, எந்தச் சிம், எங்கே வைப்பது என்பனவெல்லாம் தாமே முடிவாகிவிடும். கட்டடத்துக்குள் எந்த மூலையிலும் எந்த நிறுவனமும் நன்றாகக் கிடைக்கும் பாக்கியம் உள்ள பள்ளி ஏதேனும் இருந்தால், அங்கே என் வாதம் பாதி வலுவிழக்கும். ஆயினும் ரீசார்ஜ் கணக்கும் ஒன்பது சிம் விதியும் அங்கேயும் நிற்கும். எந்த நிறுவனமும் எந்த இடத்திலும் கிடைக்காத பள்ளியாயின், கருவி வாங்கும் தீர்மானத்தை ஒத்தி வைத்துவிட்டு, அந்தத் தாளை இணைத்து, டவரோ கண்ணாடியிழை இணைப்போ வேண்டும் என்று ஊராட்சி வழியாக மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். படத்துடன் கூடிய மனுவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு பிரதியை அடுத்த ஊர்ப் பள்ளியின் குழுவுக்கும் அனுப்பி வையுங்கள். ஒரே மேட்டை நோக்கி நிற்கும் இரண்டு பள்ளிகள் தனித்தனியே தடுமாற வேண்டியதில்லை.

இங்ஙனம்,
மலையடிவாரத்திலிருந்து உங்கள் அன்பன்